வாய்க்குச் சரியாக உட்கார்ந்த வசனம்

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகிற ஷேர் வேனில் ஒருமுறை அக்காவுடன் போனேன். நாங்கள் இறங்க வேண்டியது வேலப்பன்சாவடி. முன் சீட்டில் இரண்டு பெண்கள், அண்ணியும் நாத்தனாரும் போலிருக்கிறது, நின்றுபோன ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் யார் வத்தி வைத்தது என்பதில் தகராறு. வேலப்பன்சாவடி வந்ததும் நான் எழுந்தேன். அக்கா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"முடிவு தெரியாம எப்படிடி இறங்குறது?"

பூந்தமல்லி வரைக்கும் போனோம். சண்டை முடியவில்லை. அந்த இரண்டு பேரும் இறங்கி, மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரே வண்டியில் கரும்புச்சாறு வாங்கிக் குடித்தார்கள். அதையும் அக்கா நின்று பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் போய் வேறு வேன் பிடித்துத் திரும்பினோம். வழி முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நாத்தனார்க்காரி சொன்ன ஒரு வாக்கியத்தை அவள் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்: "அவ சொன்னா தண்ணி, நான் சொன்னா வெந்நீரா?"

அக்கா என்று கூப்பிட்டேனே தவிர அவள் எனக்கு உறவில்லை. அண்ணனூரில் ரயில் பணிமனைக்குப் பின்னால் எங்கள் வீடு. வாடகை வீடுதான். அதன் மேலே வீட்டுக்காரர் போட்டிருந்த ஒற்றை அறையில் அவள் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலுக்குப் போவாள். மற்ற நாள்களில் சாலிகிராமம் பக்கம் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போவாள். வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் பேச வைக்கிற இடம் அது. அவளுக்கு அங்கே வசனம் எழுதுகிற வேலை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியை முடித்ததும் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் ஒரு படி ஏறும். ஏறட்டும், அந்தப் படியைக் கட்டியவள் நான். அப்படிப்பட்ட எனக்கு, தமிழ் எழுதிச் சம்பளம் வாங்குகிற ஒரு பெண் எங்கள் தலைக்கு மேலேயே குடியிருக்கிறாள் என்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அவள் படியேறுகிற சத்தம் கேட்டால் நான் தலையை வாரிக்கொள்வேன்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. வெளியே போனால் காதில் எப்போதும் இயர்போன். பாட்டுப் பைத்தியம் என்று தெருவில் எல்லாரும் நினைத்திருந்தோம். ஒருநாள் படியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, என்ன பாட்டு என்று கேட்டு ஒன்றைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"ஓடலையேக்கா?"

"ஓடாது. இது இருந்தா பக்கத்துல இருக்கறவங்க தாராளமா பேசுவாங்க."

நான் சிரித்தேன். கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

அவள் அதிகம் பேசமாட்டாள். அவளுடைய பேச்சு பெரும்பாலும் ஒரே சொல்தான்: "அப்புறம்?" அதைச் சொல்லும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வாள். அந்தச் சாய்வைப் பார்த்தால் யாருக்கும் நிறுத்தத் தோன்றாது. பூக்காரம்மா தன் மருமகள் கதையைச் சொன்னாள். தண்ணீர் கேன் போடுகிறவர் தன் மூலவியாதியைப் பற்றிச் சொன்னார். எதையும் அவள் எழுதிக்கொள்ளமாட்டாள், கைபேசியில் பதிவு செய்யவும் மாட்டாள். அப்படியே நினைவில் நிற்கும். ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் அதே இழுப்போடு, அதே இருமலோடு சொல்வாள்.

யாரோடு பேசினாலும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் பேச்சே அவளுக்கும் வந்துவிடும். பூக்காரம்மாவிடம் பூக்காரம்மாவாக, கோயில் சிஸ்டரிடம் சிஸ்டராக. அவளுடைய சொந்தப் பேச்சு எது, எந்த ஊர்ப் பேச்சு என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "எங்க வீட்ல யாரும் பேசிக்க மாட்டாங்கடி" என்றாள். அதோடு முடித்துக்கொண்டாள். நான் தலையைச் சாய்த்து "அப்புறம்?" என்று கேட்டுப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அவள் அப்போது எழுதிக்கொண்டிருந்தது ஒரு ஜப்பானியப் பொம்மைத் தொடர். மலையடிவாரத்தில் ஒரு சத்திரம். அதில் ஓய்வுபெற்ற பேய்கள், அடுப்புக்குள் படுத்துத் தூங்குகிற சோம்பேறிக் குட்டி டிராகன், உலகத்தை ஒருமுறை காப்பாற்றி முடித்துவிட்டு இப்போது வேலையில்லாமல் இருக்கிற ஒரு வாள்வீராங்கனை, எல்லாருக்கும் சமைத்துப் போடுகிற பச்சை நிறப் பூதத்தம்மா. யாரும் யாரையும் அடிக்கமாட்டார்கள். கூரை ஒழுகுவதை அடைப்பதிலேயே ஒரு பகுதி முழுக்கப் போய்விடும். இன்னொரு பகுதியில் டிராகனுக்குச் சளி பிடிக்கும், வெந்நீர் கிடைக்காமல் எல்லாரும் திண்டாடுவார்கள். அவ்வளவுதான் கதை. வெயிலில் சுற்றிவிட்டு வந்து மோர் குடிப்பது மாதிரி இருக்கும். எனக்கு அதன் மேல் உயிர்.

முதல் சீசனின் தமிழ் எடுபடவில்லை. "விருந்தினர்களே, உணவு ஆயத்தமாகிவிட்டது, அமருங்கள்" என்று பூதத்தம்மா பேசினாள். "பூதம் ஏன் நியூஸ் வாசிக்குது?" என்று கூடத்தில் மேலாளர் கேட்டாராம். இரண்டாவது சீசனும் அக்காவிடமே வந்தது. ஆளுக்கொரு பேச்சு வேண்டும், உயிருள்ள பேச்சாக வேண்டும், இதுவும் எடுபடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அவள் எழுதுகிற விதத்தை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை ஓடவிடுவாள். பொம்மைகளின் வாய் மூன்று நிலைதான்: மூடியது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது. அந்த அசைவுக்கு ஏற்ப விரல்களால் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பாள். வாய் மூடி முடிகிற இடத்தில் 'ம்' வர வேண்டும். திறந்தபடி நின்றால் 'ஆ' வர வேண்டும். பொருள் சரியாக இருந்தும் வாய்க்குப் பொருந்தாத வசனம் அவளுக்கு வேண்டாம். "உக்காரலை" என்பாள். பொருந்திவிட்டால், "உக்காந்துடுச்சு."

அந்த நேரத்தில்தான் நான் அவளை எங்கள் வீட்டுக்குள் கூட்டிவந்தேன். நானாகத்தான் கூட்டிவந்தேன்.

என் அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிற வேலை. காலையில் அண்ணனூரில் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவாள். வாய் மூடாத பெண். எங்கள் வீட்டுப் பேச்சு பணிமனை வரைக்கும் கேட்கும். ரயில் ஹாரன் அடித்தாலும் அம்மா நிறுத்தமாட்டாள், ஹாரன்தான் நிறுத்திக்கொள்ளும்.

"எங்க மேஸ்திரி கீறானே, வெங்காயம் அரியசொல்ல கூட அவன் கண்ணுல தண்ணி வராது. அப்டி ஒரு கல்லு மனசு. சாம்பார்ல உப்பு இல்லன்றான். நாலு பேரு வேர்வை ஊத்திக் கிண்டினதுல உப்பு இல்லியாம்!"

அக்கா வாசலருகில் தரையில் உட்கார்ந்து கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஆன்ட்டி, இப்ப சொன்னத நான் எடுத்துக்கட்டுமா?"

"எத்த?"

"அந்த உப்பு."

"எட்த்துக்கோ. பேச்சுக்கு இன்னா வரியா கட்றோம்?"

அன்றிலிருந்து அம்மா வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் அக்கா கீழே இறங்கி வந்துவிடுவாள். ஆன்ட்டி சீக்கிரமே அம்மா ஆனது. என் அம்மாவும் யாருக்கும் செய்யாத மரியாதையாக, வந்தவளுக்கு முதல் தோசையைப் போட்டாள். "இந்தப் பொண்ணாண்ட பேசினா வயிறு ரொம்பின மாரி கீது" என்று என்னிடம் சொன்னாள். நான் பெருமையோடு, "அவங்க நம்மாளும்மா. எத வேணா சொல்லலாம்" என்றேன். அப்படி உத்தரவாதம் கொடுத்தது நான்தான்.

பூதத்தம்மாவுக்கு எங்கள் பேச்சு என்று தெரிந்தபோது ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "வாள்வீராங்கனைக்கு ஏன்க்கா இந்தப் பேச்சு இல்ல? பூதத்துக்குத்தானா?"

"அவ அரண்மனையில வளந்தவடி. அதுவுமில்லாம பூதத்தம்மாவத்தான் எல்லாருக்கும் பிடிக்கும், பாரு."

ஒப்புக்கொண்டேன். திரையில் எங்கள் பேச்சு வந்தால் ரவுடியின் வாயில் வரும், இல்லையென்றால் அடி வாங்குகிறவன் வாயில் வரும். ஒரு தொடரில் எல்லாருக்கும் சோறு போடுகிற ஆள் இப்படிப் பேசப்போகிறாள் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

நடுவில் கோடிவீட்டில் ஒரு சாவு. பெயின்ட் வேலைக்குப் போனவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அவருடைய மனைவி பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, "காலையில சட்ட பித்தான் தெக்கச் சொன்னியே, நான் தெக்கலியே, தெக்கலியே" என்று அரற்றிக்கொண்டிருந்தாள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காதருகே குனிந்து மெதுவாக ஏதோ கேட்டாள். அந்த அம்மா மறுபடியும் பித்தானைச் சொல்லி, முன்னைவிடச் சத்தமாக அழுதாள். திரும்பி வரும்போது என்ன கேட்டீங்க என்றேன்.

"சரியா கேக்கலை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்."

எனக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் எல்லாரும் தள்ளி நின்றபோது அவள் ஒருத்திதான் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது சீசனில் ஓர் இடம் மட்டும் பல நாள் அவளை அலைக்கழித்தது. குளிர்காலம். சத்திரத்தில் ஆளில்லை. பூதத்தம்மா தனியாக அடுக்களையில் நின்று சூப்பைக் கிண்டிக்கொண்டே பானையிடம் பேசுகிறாள். மூலத்தில் அது முள்ளங்கியை வைத்து ஒரு வேடிக்கைப் பேச்சு. தமிழில் சொன்னால் சிரிப்பு வராது. ஆனால் வாய் அசைகிறது, நீளமாக அசைகிறது. எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். படியில் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்பேன்: "முள்ளங்கி உக்காந்துச்சாக்கா?" அவள் தலையாட்டுவாள். இளைத்துக்கூடப் போனாள். அந்தப் பகுதி நன்றாக வராவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்தாள்.

ஒரு காலையில் தடதடவென்று இறங்கி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "உக்காந்துடுச்சுடி!" பேக்கரியில் வாங்கிய பிளம் கேக்கில் பெரிய துண்டாக ஒன்றை என் கையில் வைத்தாள். அவளுக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

தொடர் செயலியில் வந்தபோது எங்கள் வீட்டு டிவியில்தான் தெருவே பார்த்தது. ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்த பிறகு. எதிர்வீட்டுக்காரம்மா பிள்ளைகளோடு வந்துவிடுவாள். முதல் பகுதியிலேயே பூதத்தம்மா கரண்டியை ஆட்டி, "நாலு பேரு வேர்வை ஊத்திக் கிண்டினதுல உப்பு இல்லியாம்!" என்றாள்.

எதிர்வீட்டுக்காரம்மா துள்ளினாள். "ஏய், இன்னாமே, உன் பேச்சு மாரியே கீது!"

"மாரி இன்னா மாரி? என்துதான்!" என்று அம்மா மார்தட்டினாள். "நான் குட்த்தேன் அந்தப் பொண்ணுக்கு."

பிள்ளைகள் அம்மாவைப் பூதத்தம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்மா கண்ணை உருட்டி அவர்களைத் துரத்தினாள். வாராவாரம் அது ஒரு திருவிழாவாக இருந்தது. நானும் சொல்லித்தான் ஆக வேண்டும், நல்ல வசனம். அந்தப் பச்சை முகத்துக்கு என் அம்மாவின் பேச்சு அப்படிப் பொருந்தியது.

குளிர்காலப் பகுதி வந்தது. அடுக்களை. பானையிலிருந்து ஆவி. பூதத்தம்மா கரண்டியால் கிண்டிக்கொண்டே, யாருமில்லாத அறையில், பானையிடம் சொன்னாள்:

"எம்மவ மந்திரம் பட்ச்ச எடத்துல அவ மூஞ்சி போட்டு ஒரு வில்ல குட்த்தாங்க. தொலஞ்சிபோச்சின்னு தேடுனா. நான்தான் எட்த்து வெச்சிகினேன். சந்தைக்குப் போவசொல்ல கழுத்துல மாட்டிக்குவேன். மூஞ்சி தெரியாம திருப்பிப் போட்டுக்குவேன். அது இல்லன்னா 'ஏய், தள்ளு'ன்னுவான். அது இருந்தா 'நகருங்கம்மா'ன்றான். சந்தை வாசல் வந்ததும் கயட்டி பையில போட்டா, மறுபடி நான் வெறும் பூதம்."

கடைசி 'ம்'மில் பச்சை உதடுகள் கச்சிதமாக மூடின.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு மட்டும் நீல நிற நாடா ஒன்று கண்முன்னால் வந்தது. என் கல்லூரி அடையாள அட்டை. கடைசித் தேர்வு முடிந்த வாரத்தில் அதைக் காணவில்லை. தேடிவிட்டு விட்டுவிட்டேன்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அறையில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். "அய்யய்ய, இந்தப் பூதத்தப் பாரேன்! பெத்த பொண்ணு பொருளையே ஆட்டயப் போட்டுகினு திரியுது!" என்று தொடையில் அடித்துக்கொண்டாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாசலருகில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. எந்த இடத்தில் யார் சிரிக்கிறார்கள் என்று பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு அம்மா பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். நான் பின்னால் போய் நின்றேன்.

"அது நீதானேம்மா?"

"எது?"

"அந்த வில்ல."

தேய்க்கிற சத்தம் நின்றது. அம்மா திரும்பவில்லை. "ரயில்ல அல்லாரும் மாட்டிகினு வராங்க. எங்களுக்குக் கேன்டீன்ல அட்டையில்ல, காண்ட்ராக்ட்டு. சும்மா ஒரு நாளு மாட்டிப் பாத்தேன். அன்னிக்கி ஒருத்தி எய்ந்து எடம் குட்த்தா. மேடம்னா. அப்பால அதே பயக்கமாப் பூட்ச்சி." மறுபடி தேய்த்தாள். "மேல் வூட்டுப் பொண்ணாண்ட சொன்னேன். உங்கிட்ட மட்டும் சொல்லாதன்னு கேட்டுகினேன். நீ பட்ச்சி வாங்கினது. நான் மாட்டிக்கினா நீ இன்னா நெனப்பியோன்னு இருந்துச்சி."

"அப்ப ஏம்மா அவ்ளோ சிரிச்ச?"

"சிரிக்காம குந்திகினு இருந்தா நான்தான்னு தெரிஞ்சிபூடாது?"

நான் மாடிக்குப் போனேன். அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். துணிகளை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார்ந்தாள்.

"சொல்லாதேன்னு அம்மா கேட்டாங்க இல்ல?" என்றேன்.

"உன்கிட்டச் சொல்லாதேன்னு கேட்டாங்க. உன்கிட்ட நான் சொல்லலையே."

"ஊருக்கே சொல்லிட்டீங்களேக்கா!"

"பேரு இல்ல, ஊரு இல்ல. அது ஒரு பூதம்டி." அவள் குரலில் தவறு செய்த நடுக்கம் துளிகூட இல்லை. "எத்தனையோ விதமா எழுதிப் பாத்தேன். எதுவும் உக்காரலை. அம்மா சொன்னது வாய்க்கு அப்படியே சரியா உக்காந்துச்சு. நானா மாத்துனது நாலு வார்த்தைதான். காலேஜுங்கறது மந்திரம், ரயிலுங்கறது சந்தை, அட்டைங்கறது வில்லை. கடைசியில 'வெறும் ஜனம்'னாங்க. அதப் பூதம்னு போட்டேன். ஜனத்துலயும் 'ம்' இருக்கு, பூதத்துலயும் 'ம்' இருக்கு. என்ன அழகு பாரு."

அதற்குமேல் நான் எதை எப்படிப் பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. படித்து, மேடையில் பரிசு வாங்கி, நேர்முகத் தேர்வுகளுக்காகப் பழகிப் பழகி நான் திருத்தி வைத்திருந்த பேச்சு அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை. என் அம்மா பேச்சுதான் வந்தது.

"நீயெல்லாம் ஒரு மன்சியா? எங்க ஊட்டு சோத்தத் துன்னுகினே எங்கம்மா கழுத்துல கெடந்தத உருவி, கட வாசல்ல தொங்க உட்டுகினு கீறியே! காது கீது உனக்கு. காதத் தவுர வேற இன்னா கீது உங்கிட்ட?"

அக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தாள். மடித்த துணிகளின் மேல் அவள் விரல்கள் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. அவளுக்கே தெரிந்திருக்காது.

"அப்புறம்?" என்றாள்.

பாதியில் வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அந்தச் சீசன் ஓடு ஓடென்று ஓடியது. பானைப் பேச்சை மட்டும் வெட்டியெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். ஆவடியிலிருந்து வருகிற ரயிலில் பெண்கள் பெட்டியில் யாரோ ஒரு கல்லூரிப் பெண்ணின் கைபேசியில் அது ஓடியதை நானே கேட்டேன். அம்மா எனக்கு எதிர் சீட்டில் இருந்தாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் தோழி தன் கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பிப் போட்டு, "நகருங்கம்மா" என்று நடித்துக் காட்டினாள். பெட்டி முழுக்கச் சிரிப்பு.

அதற்கடுத்த நாள் என் மேசைமேல் அடையாள அட்டை இருந்தது, நாடாவைச் சுருட்டி அம்மா அழகாக வைத்திருந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் நீட்டினேன்.

"மாட்டிக்கினு போம்மா. எனக்கு ஒண்ணுமில்ல."

"வோணாம்."

"நெசமாத்தான் சொல்றேன். எனக்குப் பெருமைதான்."

"உனக்குப் பெருமைம்மா. இப்ப மாட்டிக்கினு போனா, தோ பூதம் வருதுன்னுவாங்க."

கொஞ்ச நாளில் அக்கா கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். சொல்லிக்கொள்ள வந்தபோது நான் உள்ளறையில் இருந்தேன், வெளியே வரவில்லை. அம்மா "நல்லா இரு" என்று சொன்னது கேட்டது. வழக்கமாக அம்மா யாரையாவது வழியனுப்பினால் தெருமுனை வரை பேசிக்கொண்டே போவாள். அன்று அந்த இரண்டு சொல்லோடு கதவு சாத்துகிற சத்தம் வந்தது. மீதிப் பகுதிகளை நான் பார்க்கவில்லை. சத்திரத்துக்கு வசந்தம் வந்ததா, டிராகன் அடுப்பைவிட்டு வெளியே வந்ததா, எனக்குத் தெரியாது. அவ்வளவு பிடித்த ஒன்றைப் பறிகொடுத்த கோபமும் இதில் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு என்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அயனம்பாக்கத்துக்காரி. நல்ல பெண். அம்மா காபி கொடுத்தாள். "நல்லாருக்கீங்களா ஆன்ட்டி? வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று அவள் ஆசையாகக் கேட்டதற்கு "ம்" என்றாள், உள்ளே போய்விட்டாள். கிளம்பும்போது அந்தப் பெண் என்னிடம், "உங்கம்மா ரொம்ப அமைதி இல்ல?" என்றாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். எழுதியதை முழுக்கப் படித்தும் காட்டினேன். கேன்டீன், மேஸ்திரி, அட்டை, சிரித்தது, எதையும் எடுக்கச் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"என் பேரு போட்டாலும் போட்டுக்கோ. அந்தப் பொண்ணு பேரப் போடாத."

"ஏம்மா?"

"வேலைக்கிப் போற பொண்ணு. நாலு எடத்துல நாலு பேரு அத்த ஒரு மாரிப் பாப்பாங்க."

அம்மா சொன்னதற்காகப் பெயரை விட்டிருக்கிறேன். மன்னித்ததாக அக்கா எடுத்துக்கொள்ள வேண்டாம்.